ஒருவரின் படிப்பும் எல்லோரின் முதுசமும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எமது இல்லங்கள் பலவற்றில் ஒரே பேச்சு எழுகிறது. பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. அல்லது விரும்பிய துறை கிடைக்கவில்லை. "வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பிப்போம்" என்கிறார் தந்தை. "காணியை ஈடு வைப்போம்" என்கிறார் தாய். கல்வி நல்லது, பிள்ளைமேல் வைத்த அன்பும் நல்லது. இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஈடு வைக்கப்படும் அந்தக் காணி யாருடையது?

ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், எழுத்து வடிவம் பெற்ற யாழ்ப்பாணத்துத் தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என வகுத்தது. சட்ட நுணுக்கங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பெயர்களுக்கு அடியில் ஓர் எண்ணம் உண்டு: முன்னோர் வழி வந்தது ஒரு தலைமுறையின் கையில் தங்கி, அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டியது. உறுதியில் தந்தையின் பெயர் இருக்கலாம்; மனச்சாட்சியின் முன் அவர் அதன் காவலரே.

மூத்தவனின் படிப்புக்காக அக்காணி போகுமானால், தங்கையின் பங்கும் தம்பியின் பங்கும் அதனுடன் போகின்றன. ஆனால் அவர்களை எவரும் கேட்பதில்லை. "அவன் முன்னுக்கு வந்தால் மற்றவர்களைத் தூக்கிவிடுவான்" என்று பதில் வரும். அப்படித் தூக்கிவிட்ட தமையன்மாரும் தமக்கைமாரும் எம்மிடையே ஏராளம். அவர்களது தியாகத்தை எவரும் குறைத்துப் பேசமுடியாது. ஆயினும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தோளில், வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு கடனை ஏற்றி அனுப்புவது நீதியா? கொடுப்பது கொடையானால் கொடை என்று சொல்ல வேண்டும். கடனானால், எவ்வளவு, யாருக்கு, எப்போது என்று புறப்படுமுன்னரே பேச வேண்டும். பேசாத கடன்தான் பின்னர் சகோதரரைப் பிரிக்கிறது.

"அன்பு கணக்குப் பார்க்குமா?" என்பார் சிலர். பார்க்க வேண்டும். புனித தோமஸ் அக்குவினாஸ் முன்னறிதலை விவேகம் என்னும் புண்ணியத்தின் ஒரு கூறாகவே கொள்கிறார். வருவதை எண்ணாமல் செலவிடுவது தாராளமாகாது.

எண்ணவேண்டியது முதலாம் ஆண்டை மட்டுமன்று. பிரித்தானிய மாணவ விசாவுக்கு முதலாண்டுக் கட்டணமும், கூடியது ஒன்பது மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருப்பதாகக் காட்டினால் போதும். படிப்போ இங்கிலாந்தில் பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை இளமாணிப் படிப்புக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆனால் அங்கும் ஓராண்டு வாழ்க்கைச் செலவை முன்கூட்டியே வைப்பிலிட வேண்டும். விசா கிடைத்துவிட்டது என்பதால் படிப்புக்குப் பணம் இருக்கிறது என்றாகாது. நாம் ரூபாவில் சேமிக்கிறோம். அங்கே செலவு பவுணிலும் யூரோவிலும் டொலரிலும் நிகழ்கிறது. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. 20 இலட்சத்தில் முடியவிருந்த கட்டணம் இரண்டரை மாதத்தில் 36 இலட்சமாயிற்று. அந்தப் பிள்ளையோ பெற்றோரோ தவறேதும் செய்யவில்லை.

இன்னொரு காரியத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வட்டிக்குப் பணம் வாங்கி, 28 நாள் வங்கியில் காட்டி, மீளக் கொடுத்துவிடும் வழக்கம். "எல்லோரும் செய்வதுதானே" என்கிறார்கள். அது பொய். அப்பொய்யினால் முதலில் ஏமாறுவது விசா அதிகாரி அல்லர், எமது பிள்ளையே. அந்நிய ஊரில் மாணவன் பசியால் வாடக்கூடாது என்பதற்காகவும் ஏற்பட்ட விதி அது. இல்லாத பணத்தைக் காட்டி அனுப்பினால், வாடகைக்கும் உணவுக்கும் அவன் இரவு வேலைக்கு ஓடுவான். பட்டப்படிப்பு மாணவனுக்குப் பிரித்தானியாவில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலமே அனுமதி. அதை மீறினால் விசா போகும். மீறாவிட்டால் பணம் போதாது. வீட்டுக்குச் சொல்லவும் வெட்கம். படிக்கப் போனவனை இந்த இக்கட்டில் நிறுத்தியது எது என்று பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

அப்படியானால் போகவே கூடாதா? அப்படியன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டு முதல் வெளிவாரிப் பட்டம் வழங்கி வருகிறது. ஊரிலிருந்தபடியே அதைப் பெற்ற ஆசிரியர்கள் எம் முன்னோரில் இருந்தனர். இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980இல் தொடங்கியது. முதற்பட்டத்தை இங்கே முடித்து, மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் தேடலாம். ஒப்பிட்டுப் பார்த்த பின்னரும் வெளிநாடே தக்கதெனத் தெரிந்தால், மனநிறைவோடு அனுப்பலாம்.

ஆனால் அதற்குமுன் ஒருநாள் மாலை, பிள்ளைகள் எல்லோரையும் கூட்டி உட்கார வையுங்கள். கடைசி ஆண்டு வரையிலான கணக்கை ஒரு கொப்பியில் எழுதி அவர்கள் முன் வையுங்கள். இளையவளும் அதை வாசிக்கட்டும். தன் பங்கு என்னாகும் என்று கேட்கட்டும். அவள் கேள்விக்கு நேர்மையான விடை சொல்ல முடியுமானால், அந்தப் பயணத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. முடியாவிட்டால், அந்த விடை கிடைக்கும்வரை காணி உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.