பிறர் பெயரில் வந்த ஓலை

இல்லறத்தாருக்கு வகுக்கப்பெற்ற ஐந்து அணுவிரதங்களுள் வாய்மை எளியது போலத் தோன்றும். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னால் போதுமே என்று எண்ணுகிறோம். நீதிமன்ற அமீனா வாயிலில் வந்து நின்று, நம் இல்லத்தில் இல்லாத உறவினர் ஒருவரின் பெயரைச் சொல்லி அழைக்கும்போதுதான் அவ்விரதத்தின் அருமை விளங்குகிறது.

நம் தங்கையின் மகன் பல்லாண்டுகளாகப் பெங்களூரில் வாழ்கிறான். தொழிலுக்காகக் கடன் பெற்றபோது, வல்லத்தில் உள்ள நம் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான். தவணை நின்றது; வழக்கு வந்தது. முதலில் வந்த சம்மனை நாமே வாங்கி, தொலைபேசியில் அவனுக்குப் படித்தும் காட்டினோம். "ஓரமாக வையுங்கள் பெரியம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். பஞ்சாங்கத்தின் அடியில் வைத்தோம். அவன் பார்த்துக்கொள்ளவில்லை. வழக்கு ஒருதலையாகத் தீர்ப்பாகி, ஜப்தி அறிவிப்பு வந்து சேர்ந்தது.

நாம் செய்த முதற்பிழை அந்தச் சம்மனை வாங்கியதே. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டப்படி, எதிர்வாதி வீட்டில் இல்லாதபோது அவருடன் வசிக்கும் வயதுவந்த குடும்பத்தினரிடம், ஆணாயினும் பெண்ணாயினும், சம்மனைச் சேர்ப்பிக்கலாம். உடன் வசிக்காதவரிடம் அன்று. "அவர் இங்கு வசிப்பதில்லை" என்ற ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால் அவ்வோலை உரிய இடம் நோக்கிச் சென்றிருக்கும். ஊரார் அறிவரே என்ற நாணத்தால் வாங்கி மறைத்தோம். அந்நாணத்திற்கு நம் ஆகமம் இட்ட பெயர் மானம். நான்கு கஷாயங்களுள் ஒன்று. மானம் வந்த வழியே மாயையும் வந்தது.

அமீனா வந்த அன்று உள்ளதைச் சொன்னோம். வீடும் பொருள்களும் நம்முடையவை என்பதற்கான சான்றுகளையும் காட்டினோம். ஒருவர் கடனுக்காக மற்றவர் பொருள் ஜப்தி செய்யப்பட்டால், உரிமை கோரி நீதிமன்றத்தில் மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. கடனாளியின் பொருள்களிலும் உடுத்தும் ஆடை, சமைக்கும் பாத்திரம், படுக்கை போன்றவற்றை ஜப்தி செய்தல் ஆகாது.

இதன்பின் வந்ததே உண்மையான சோதனை. சம்மன் முறையாகச் சேரவில்லை என்று காட்டினால் ஒருதலைத் தீர்ப்பை நீக்கக் கோரலாம். ஆயினும், விசாரணை நாள் எதிர்வாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதிலுரைக்கப் போதிய அவகாசமும் இருந்ததென்று நீதிமன்றம் கண்டால், சேர்ப்பித்ததில் நேர்ந்த முறைகேட்டை மட்டும் காட்டி அதனை நீக்க இயலாது. ஆகவே தங்கை மகன் நம்மிடம் வேண்டியது இது: "என்னிடம் சொல்லவே இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திடுங்கள் பெரியம்மா. ஒரு வரிதானே!"

உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினைக் கூறுகிறது. பொய்யாவணம் எழுதுதல் அவற்றுள் ஒன்று. அடைக்கலமாக வந்ததைக் கவர்தல் மற்றொன்று. பிறர் மறையை வெளியிடுதலும் அவ்வரிசையிலேயே உள்ளது. பொய்யும் புறங்கூறலும் ஒருங்கே விலக்கப்பட்டிருத்தலை நோக்குக. நீதிமன்றத்திற்கு உண்மை உரியது. தெருத் திண்ணைக்கு அவன் கடன் கதை உரியதன்று. நாம் கையெழுத்திடவில்லை, ஊரில் எவரிடமும் பேசவும் இல்லை.

தங்கை சினந்தாள். "பெற்ற பிள்ளையாக இருந்தால் இப்படிச் செய்வாயா அக்கா?" என்றாள். அவ்வினா இன்றும் நம் நெஞ்சில் உள்ளது. பெற்ற பிள்ளையாயினும் அவன் வினையை அவன் ஆன்மாவே நுகர வேண்டும். நம் பொய் அதனைக் குறைக்காது, நமக்கும் ஒரு வினையைச் சேர்க்கும். இதுவே நம் விடை. அதனைச் சொல்ல எளிது. தங்கையின் முகம் பார்த்துச் சொல்ல எளிதன்று.

நம் வளையல்களை விற்றுக் கடனை அடைத்துவிடலாமா என்றும் எண்ணினோம். குடும்பப் பெயருக்கு அஞ்சிக் கொடுப்பது தானமாகாது, மானத்திற்கு இட்ட தீனியே ஆகும் எனத் தெளிந்தோம். "நீ நேரில் வந்து கடனை ஒப்புக்கொள், குறையும் முதல் தவணைக்கு நாம் உதவுகிறோம்" என்று எழுதினோம். வந்தான். வாதியின் இசைவுடன் தவணை முறை ஏற்பட்டது.

1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயலாமையால் மட்டும் கடன் தீர்க்காதவரைச் சிறையிலிடல் ஆகாது என்றது. வறுமை குற்றமன்று, பொருள் இருந்தும் தீய எண்ணத்தால் கொடாமையே குற்றம். ஒளிந்துகொண்டவனை எவ்வகையினன் என்று நீதிபதி எங்ஙனம் அறிவார்? ஆதலின் உறவினரை மறைக்க உதவுவோர், அவருக்குக் கிடைக்கக்கூடிய இரக்கத்தையும் சேர்த்தே மறைக்கின்றனர்.

பிழைப்பு நாடிப் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றபின் ஊர் வீட்டு முகவரிக்கு இத்தகைய ஓலைகள் வருதல் இயல்பே. வாங்கி மறைக்காதீர், கிழித்தெறியாதீர், உரியவனிடம் அன்றே சொல்லுங்கள், கேட்பவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். தங்கை இவ்வாண்டு மேல்சித்தாமூர்த் திருவிழாவில் நம்மோடு பேசவில்லை. பேசும் நாள் வரும் என்று காத்திருக்கிறோம்.