தாங்குபவர் யார்?

சரணாகதி தத்துவத்தை விளக்கப் புகுந்த வைணவ ஆசாரியர்கள் இரு உவமைகளை எடுத்தாண்டனர். குரங்குக்குட்டி தன் தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியையோ தாயே கவ்விச் செல்லும். பற்றிக்கொள்ள அறியாத குழந்தையைத் தாங்கும் கடமை தாய் ஒருத்திக்கே உரியதா என்னும் வினா இங்கு எழுகின்றது.

கொரோனாத் தொற்றின் காரணமாக 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய குழந்தைகளின் இல்லங்களில் இவ்வினா கண்ணீராய் வெளிப்பட்டது. அக்குழந்தைகளுள் பலருக்கு அன்றாட ஒழுங்கே ஊன்றுகோல். குறித்த வேளை, பழகிய பாதை, அறிந்த ஆசிரியை யாவும் ஒரே நாளில் மறைந்தன. பூலாம்பாடி போன்ற ஊர்களிலிருந்து பயிற்சிக்காக நகரம் செல்வோர்க்கு, பேருந்து நின்றதும் வழியே அடைபட்டது. கண்ணுக்குப் புலப்படாத கிருமியைப் பேச்சு வாராத குழந்தைக்கு எங்ஙனம் விளக்குவது? முகக்கவசத்தின் உராய்வும் சிலருக்குப் பொறுக்கவொண்ணாத் துன்பம். உறக்கமின்றி, வாயிற்கதவைத் தட்டி அழும் பிள்ளைக்குப் பெற்றோரே ஆசிரியரும் பயிற்சியாளரும் தோழரும் ஆயினர்.

அந்நாளில் களைத்து ஒருகணம் சினந்த தாய் அன்பிற் குறைந்தவளோ? அல்லள். அன்பு வற்றாதது, உடல் வற்றக்கூடியது. தாயின் பாராமுகமே இந்நிலைக்குக் காரணம் என மேனாட்டு அறிஞர் சிலர் ஒருகாலத்தில் கூறியதுண்டு. பிற்கால ஆய்வுகள் அதனைத் தள்ளின. மூளையின் வளர்ச்சியில் அமைந்த வேறுபாடே இது என்பது இன்றைய தெளிவு. ஆயினும் பழி மட்டும் இன்னும் தாயை விட்டு நீங்கவில்லை.

தாங்குபவளைத் தாங்குவது சமுதாயத்தின் கடன். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலில், இத்தகையோர் தேவைக்கேற்ப நாளில் ஒருமுறைக்கு மேலும் வெளியே செல்ல விதி தளர்த்தப்பட்டது. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இவர்களை உரிமையுடையோராக ஏற்றுள்ளது. சட்டம் தரும் உரிமையை அண்டை வீட்டாரின் பரிவே வாழ்வாக்கும்.

திருவிழாக் கூட்டத்தில் வேட்டொலி கேட்டுக் காதைப் பொத்தி அலறும் குழந்தை ஒன்றைக் காண நேரிடலாம். "வளர்ப்புச் சரியில்லை" என்று முணுமுணுத்தல் எளிது. வழிவிட்டு விலகி, அமைதியான இடம் காட்டி, அத்தாய் சேவிக்கும்வரை அவள் கைப்பையைச் சுமந்து நிற்றல் சிறிது அரிது. அரியதாகிய அதுவே கைங்கரியம்.