வார்த்தவன் வாழ்வும் மணியின் ஒலியும்

ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலே, பீனிக்ஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தொலைவில், வறண்ட பள்ளத்தாக்கொன்றின் விளிம்பில் ஆர்க்கோசாந்தி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்கு செல்லும் பார்வையாளரின் கண்ணுக்குக் கட்டடங்கள் புலப்படுமுன் காதுக்கு மணியோசை எட்டிவிடுகின்றது. கூரையோரங்களிலும் வளைவுகளிலும் தொங்கும் வெண்கல மணிகளும் சுட்ட மண்மணிகளும் காற்று வீசுந்தோறும் ஒலிக்கின்றன. மணியின் நாக்கிலிருந்து ஒரு தகடு தொங்கும். காற்று அத்தகட்டைத் தள்ள, நாக்கு அசைந்து மணியின் விளிம்பிலே மோதும். கோயில் மணியை இழுக்க ஒருவர் வேண்டும். பாடசாலை மணியை அடிக்க ஒருவர் வேண்டும். காற்றுமணிக்கு அத்தகையவர் எவரும் வேண்டியதில்லை.

இம்மணிகள் அவ்வூரிலேயே வார்க்கப்படுகின்றன. வார்ப்புக்கூடம் கோளத்தின் காற்பகுதி வடிவான பெரிய வளைமாடமொன்றின் கீழ் உள்ளது. மாடம் தெற்கு நோக்கித் திறந்திருத்தலால், மாரியில் தாழ்ந்து செல்லும் ஞாயிற்றின் கதிர் உள்ளே புகுந்து வெம்மை தரும். கோடையில் உயர்ந்து நிற்கும் ஞாயிற்றை மாடமே மறைத்து நிழல் செய்யும். கூடத்தின் ஒருபுறம் ஈரமான நுண்மணல் குவிந்திருக்கும். மணலைச் சட்டத்துள் இறுக்கி, மணியின் வடிவத்தை அதிலே பதித்து எடுத்தபின், தொழிலாளர் சிறு கருவி கொண்டும் விரல் கொண்டும் மணலின் உட்புறத்திலே கோடுகளைக் கீறுவர். மணலிலே பள்ளமாக விழும் கோடு மணியிலே மேடாக எழும். ஆகவே கீறுபவர் எதனையும் தலைகீழாகவே எண்ணிப்பார்த்தல் வேண்டும். பின்னர் 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகிய வெண்கலத்தை மூசையோடு தூக்கி வந்து அச்சிலே ஊற்றுவர். பார்வையாளர் பார்க்க விரும்புவது பெரும்பாலும் இந்த ஊற்றுதலையே. செந்நிறக் குழம்பு அச்சின் வாயில் இறங்கும் சில கணங்களில் கூடத்தில் எவரும் பேசுவதில்லை. குளிர்ந்தபின் அச்சு உடைக்கப்படும். மணலில் கீறப்பட்ட கோலம் அதனோடு அழிந்துவிடும். எனவே இம்முறையில் ஒரு மணியைப் போல மறுமணி இருப்பதில்லை. வழிந்து உறைந்த உலோகத்தை அறுத்து, அரம் கொண்டு தேய்த்து, நாக்கைக் கட்டித் தொங்கவிட்ட பிறகே அதன் குரல் எத்தகையது என்பது தெரியவரும்.

இவ்வூரைத் தோற்றுவித்தவர் பாவுலோ சொலெரி. 1919இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்த இக்கட்டடக் கலைஞர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா சென்று பிராங் லொயிட் றைட் என்னும் பெருங்கலைஞரிடம் சிறிது காலம் பயின்றார். மீண்டும் தாயகம் திரும்பி, வியெத்ரி என்னும் கடற்கரையூரில் மட்பாண்டத் தொழிற்சாலையொன்றை வடிவமைத்தபோது மண்ணின் தொழிலையும் கற்றுக்கொண்டார். 1950களின் நடுப்பகுதியில் அரிசோனாவிற் குடியேறி, முதலில் மண்மணிகளையும் பின் வெண்கல மணிகளையும் செய்து விற்றே அவர் தம் பணிகளை நடத்தினார். பெருநகரங்கள் நிலத்தைத் தின்று பரந்து செல்வதையும், மோட்டார் வாகனம் மனிதரை ஒருவரிடமிருந்து ஒருவரைப் பிரிப்பதையும் அவர் கடுமையாகக் கண்டித்தார். கட்டடமும் சூழலும் ஒன்றாகிய, செறிந்த நகரம் ஒன்று வேண்டும் என்பது 1969இல் வெளிவந்த அவருடைய பெருநூலின் கருத்து. அக்கருத்தைச் சோதிக்க 1970இல் ஆர்க்கோசாந்தி தொடங்கப்பட்டது. ஐயாயிரம் பேர் வாழத் திட்டமிடப்பட்ட அவ்வூரில் ஒருநூறு பேர் வாழ்ந்ததே பெரிதெனலாம். ஆயினும் பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் இளைஞர் வந்து, பலர் தாமே கட்டணமும் செலுத்தி, அங்கே கொங்கிறீற்றுக் குழைத்தனர், மணல் சுமந்தனர், மணி வார்த்தனர். அவர் முதலில் நிறுவிய பட்டறையின் பெயராகிய கோசாந்தி என்பது, 'பொருள்', 'எதிர்' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்களின் சேர்க்கை. பொருட்களைக் குவித்து வைக்கும் வாழ்வை மறுக்கவெழுந்த ஊர், வீட்டுக்கு வீடு தொங்கவிடும் அழகுப் பொருளொன்றை விற்றே நிலைபெற்றது என்பது அதன் வரலாற்றில் உள்ள சிறு நகைச்சுவை.

சொலெரி 2013இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளின் பின், 2017இல், அவருடைய மகள் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் பதின்ம வயதிலே தந்தை தம்மிடம் பாலியல் வன்முறை புரிந்தார் என்பதை அதில் எழுதினார். தந்தையின் வேலையையும், அவ்வேலையின் பெருமை அவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆக்கிய முறையையும் சேர்த்தே அவர் பேசினார். ஆர்க்கோசாந்தியை நடத்தும் நிறுவனம் அவர் பேச முன்வந்ததை ஆதரித்து அறிக்கை விடுத்தது. மணிகள் பின்னரும் வார்க்கப்பட்டன. முன்னர் சொலெரி மணி என்று உலகெங்கும் வழங்கியவை, பின்னர் பட்டறையின் பெயராலே விற்கப்படலாயின.

இவ்விடத்திலே ஒரு பழைய வினா புதிய வடிவில் எழுகின்றது. 1980களில் அம்மணியொன்றை வாங்கித் தம் வீட்டு விறாந்தையிலே தொங்கவிட்டவர் இப்பொழுது என்ன செய்தல் வேண்டும்? மணியின் ஒலி மாறவில்லை. அதைக் கேட்பவர் மாறிவிட்டார்.

இத்தகைய வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படும். படைப்பு வேறு, படைத்தவன் வேறு என்பது முதலாவது. வெண்கலத்துக்கு நினைவு இல்லை; ஒலி எந்தக் குற்றத்தையும் அறியாது. கேத்திரகணிதத் தேற்றமொன்றைக் கண்டவன் கொடியவனாயினும் முக்கோணத்தின் கோணங்கள் கூடவோ குறையவோ போவதில்லை. இவ்வாதம் தேற்றத்துக்குப் பொருந்தும். மணிக்குப் பொருந்துமா என்பதே ஐயம். ஏனெனில் இம்மணிகள் வெறும் ஒலிக்காக விற்கப்பட்டவையல்ல. ஒரு மணியை வாங்குபவர் ஒரு நகரத்துக்குக் கல் எடுத்துக் கொடுக்கிறார் என்பதே அவ்விற்பனையின் உயிர். மனிதர் ஒருவரோடொருவர் எவ்வாறு நெருங்கி வாழவேண்டும் என்னும் போதனை ஒவ்வொரு மணியோடும் சேர்த்துப் பொதி செய்யப்பட்டது. படைப்பையும் படைத்தவனின் தரிசனத்தையும் பிரிக்கலாகாது என்று கூறி விலை பெற்றவர்கள், பழி வந்தபோது அவ்விரண்டும் வேறு வேறு என்று கூறுவது பொருந்தாது. நெருங்கி வாழ்தலைப் போதித்தவரின் மிக நெருங்கிய இடத்திலே, அவர் வீட்டுக்குள்ளே, நடந்தது எது என்பது அப்போதனைக்குப் புறம்பான செய்தியாகிவிடாது.

மணியைக் கழற்றி எறிக என்பது மற்றைய விடை. இதில் ஒரு தூய்மை உண்டு. ஆனால் எறிபவர் எதனை எறிகிறார் என்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். அந்த மணலிலே கோலம் கீறிய விரல் பெரும்பாலும் சொலெரியுடையதன்று. மூசையைத் தூக்கியவர், விளிம்பைத் தேய்த்தவர், நாக்கைக் கட்டியவர் என ஒரு மணியிலே எத்தனையோ பேரின் பகற்பொழுதுகள் உறைந்து கிடக்கின்றன. அவர்கள் பெயர் மணியோடு ஊர் ஊராகச் சென்றதில்லை. பெயர் பெற்றவரைத் தண்டிப்பதற்காகப் பெயர் பெறாதவரின் உழைப்பைக் குப்பையிலே போடுவது, முதலில் அவர்களுக்கு இழைக்கப்பட்ட சிறுமையை இரண்டாம் முறையும் இழைப்பதாகும்.

கொழும்பிலே 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி இங்கு நினைவுக்கு வருவது இயல்பே. 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலிலும் பின்னைய எழுத்துக்களிலும், மரபுவழிக் கைவினைஞன் தன் பெயரை நிலைநாட்ட முயன்றவன் அல்லன் என்பதை அவர் வற்புறுத்தினார். கலைஞன் என்பவன் மற்ற மனிதரினின்றும் வேறுபட்ட தனிப்பிறவி என்னும் மேனாட்டு நவீன எண்ணத்தை அவர் நோயாகவே கண்டார். நம்மூர்க் கோயில் மணிகளிலும் உபயகாரர் பெயர் பொறிக்கப்பட்டிருக்குமேயன்றி, உலையருகே வியர்த்த கன்னாரின் பெயரைக் காண்பது அரிது. இந்நோக்கிலே பார்த்தால், சொலெரியின் பெயரை நீக்கியபோது மணி தன் இயல்பான நிலைக்கே திரும்பிற்று என வாதிக்கலாம்.

வாதம் கவர்ச்சியானது. ஆயினும் குமாரசுவாமியின் நண்பர் வட்டத்திலேயே அதற்கு ஒரு தடை இருக்கிறது. ஆங்கிலச் சிற்பி எரிக் கில் அவரைப் பெரிதும் மதித்தவர். கைவினையும் சமய வாழ்வும் குடும்பமும் ஒன்றாய் இணைந்த வாழ்வை எழுதியும் வாழ்ந்தும் காட்டியவர் எனப் போற்றப்பட்டவர். கில் 1940இல் இறந்தார். 1989இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு, அவருடைய நாட்குறிப்புக்களைக் கொண்டே, அவர் தம் புதல்வியரிடம் பாலியல் வன்முறை புரிந்ததை வெளிப்படுத்தியது. லண்டனில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முகப்பிலே நிற்கும் அவருடைய சிற்பத்தை 2022இல் ஒருவர் சுத்தியல் கொண்டு தாக்கினார். கில் வடித்த அச்செழுத்து உருக்களோ பெயரறியாதவரின் கணினிகளிலும் நாள்தோறும் பயன்படுகின்றன. கைத்தொழில், தன்னடக்கம், ஒருமித்த குடும்பம் என்னும் உயர்ந்த கொள்கைகள் கில்லின் வீட்டுக்கு வெளியே வேலியாக நின்றன; உள்ளே நடந்ததை அவை தடுக்கவில்லை, மறைத்தன. பெயரின்மை என்பதும் அவ்வாறே இருமுகம் கொண்டது. உழைத்தவன் தன்னை மறப்பது ஒருவகைப் பெயரின்மை. குற்றம் செய்தவனைக் கூட்டத்துக்குள் ஒளிக்கும் பெயரின்மையும் ஒன்றுண்டு. புகழ் வந்தபோது ஒருவருடையது, பழி வந்தபோது எல்லோருடையது என்னும் கணக்கு எந்த வணிகனும் ஏற்காத கணக்கு. சொலெரியின் பெயரை மணியினின்று எடுப்பது நேர்மையாக வேண்டுமாயின், அது ஏன் எடுக்கப்பட்டது என்பதையும் விற்பவர் சொல்லுதல் வேண்டும். வாயை மூடிக்கொண்டு பெயர்ப்பலகையை மாற்றுதல் வணிகத் தந்திரமன்றி வேறில்லை.

இதுவரை நோக்கியது மணியைப் பற்றியது. உண்மையிலே கடினமான வினா மணியைப் பற்றியதன்று. ஒரு பெரும்பணி நடைபெறும் இடத்திலே, அப்பணியின் தலைவன் ஒருவருக்குத் தீங்கிழைத்ததாகக் காதில் விழுமாயின், அருகிலிருப்போர் என்ன செய்வர்? இன்னொருவர் வீட்டுச் செய்தி என்பர். இதனைப் பேசினால் பணி கெடும் என்பர். உலகுக்கு வேண்டிய பணி, அதைத் தடுக்க ஒருத்தியின் துயர் போதாது என்பர். இவை கொடியவர் கூறும் சொற்களல்ல. இலட்சியம் உடையோரே இவற்றை எளிதிற் கூறுவர். இலட்சியம் அற்றவனுக்குக் காப்பாற்ற எதுவுமில்லை. அரசியல் இயக்கம், சமய மடம், பல்கலைக்கழகத் துறை என எவ்விடத்துக்கும் இக்கணக்கு அந்நியமானதன்று.

1880இல் நிறைவுற்ற 'கரமசோவ் சகோதரர்கள்' என்னும் நாவலிலே தொஸ்தோயெவ்ஸ்கியின் இவான், மனித குலத்தின் இன்பமாளிகையை ஒரு குழந்தையின் கண்ணீர்மேல் எழுப்ப நேர்ந்தால் அதன் சிற்பியாக இருக்கத் தம்பி இசைவானா என்று வினவுவான். அங்கே மாளிகை உவமை. ஆர்க்கோசாந்தியிலே அது உவமையன்று. வளைமாடமும் படிக்கட்டும் உடைய கட்டடம். ஐயாயிரவர் நகரம் எழவேயில்லை என்பதைக் காட்டி, இலாபமற்ற பேரம் என்று இதனைக் கண்டிப்போர் உளர். அக்கண்டனம் பிழையான இடத்திலே தொடுகின்றது. நகரம் முழுமையாக எழுந்து, ஐயாயிரம் பேரும் வாகனப் புகையின்றி மகிழ்ந்து வாழ்ந்திருந்தால் மட்டும் கணக்கு நேராகியிருக்குமா? மனிதரைக் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என்று கான்ட் கூறியது, நட்டத்தில் முடிந்த முயற்சிகளுக்கு மட்டும் உரிய விதியன்று. வெற்றியடைந்த முயற்சிக்கே அவ்விதி மிகுதியும் வேண்டப்படுகின்றது. வென்றவனைக் கேட்போர் இலர்.

அம்மகள் தந்தையின் கட்டடங்களை இடித்துவிடுமாறு கேட்டு எழுதியவரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. வேலையைத் தூக்கி எறிவோரும் வேலையைத் தனியே பிரித்துக் காப்போரும் ஒரு வகையில் ஒத்தவர்களே. இருசாராரும் அதன்பின் அதைப் பற்றி எண்ணவேண்டியதில்லை. நடந்ததை அறிந்தபடியே வேலையை வைத்திருப்பதுதான் கடினம்.

விறாந்தையில் மணியை வைத்திருப்பவரின் நிலை அது. காற்று எழும்போது மணி ஒலிக்கும். அதை நிறுத்த வேண்டுமாயின் நாக்கைக் கயிற்றால் கட்டுதல் வேண்டும். கட்டாது விட்டால், வீட்டுக்கு வரும் விருந்தினர் நிமிர்ந்து பார்த்து, இதனை யார் செய்தார் என்று வினவுவர். 2017க்கு முன்னர் அவ்வினாவுக்கு ஒரு பெயர் விடையாகப் போதுமாயிருந்தது. இப்பொழுது மணலிலே கோலம் கீறியவரிலிருந்து தொடங்கி, கட்டுரை எழுதிய மகள்வரை சொல்லவேண்டியிருக்கும். விடை சற்று நீளமானது. சொல்லி முடியும்வரை விருந்தினர் தேநீரோடு காத்திருக்கவேண்டும்.