பவளம் ஒன்றா, இரண்டா?

இஸ்ரேலைச் சேர்ந்த மாவோஸ் ஃபைன், டான் செர்னோவ் என்ற இரு ஆய்வாளர்கள் மத்தியதரைக் கடலின் இரண்டு வகைப் பவளங்களைத் தொட்டியில் வளர்த்துப் பார்த்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். கடல்நீரின் பி.எச். அளவு சுமார் 8.1. தொட்டி நீரை அமிலமாக்கி அதை 7.3-க்கும் 7.6-க்கும் இடையில் வைத்தார்கள். சில வாரங்களில் சுண்ணாம்புக் கூடு கரைந்தது. அதைக் கட்டி, அதில் ஒட்டிக்கொண்டிருந்த பவளப் பூச்சிகள் தனித்தனியே பிரிந்து, கடல் சாமந்தி மாதிரி மெத்தென்று நீண்டு நின்றன. சாகவில்லை. ஓராண்டுக்குப் பின் பழைய நீருக்கு மாற்றியதும் மறுபடி கூடு கட்டத் தொடங்கின.

அந்தச் சோதனையில் கூடு கரைந்ததைத்தான் எல்லோரும் பேசினார்கள். அதைவிட விசித்திரமான செய்தி வேறு: பூச்சிகளின் உடம்புக்குள் குடியிருந்த நுண்பாசிகள் அந்த ஓராண்டு முழுக்க அங்கேயே இருந்தன.

கடல் சூடேறும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் பவளங்கள் வெளுத்தபோது கூடு அப்படியே நின்றது, பாசிதான் போயிற்று. நிறமற்ற தசை வழியே வெள்ளைச் சுண்ணாம்பு தெரிந்தது. அப்படியானால் பவளம் என்பது எது? கூட்டை இழந்து பாசியோடு இருப்பதா, பாசியை இழந்து கூட்டோடு இருப்பதா? இரண்டு உயிர்கள் சேர்ந்திருந்தால் அது ஓர் உயிரா, இரண்டா?

இந்தக் கேள்வியை வேறொரு தளத்தில் கேட்டவர் தில்லையைச் சேர்ந்த உமாபதி சிவம். பதினான்காம் நூற்றாண்டுக்காரர். இறைவனும் உயிரும் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று சிவப்பிரகாசம் என்ற நூலில் சொல்ல வந்தவர், கைக்கு எளிதாகக் கிடைக்கும் மூன்று உவமைகளை முதலில் தள்ளிவிடுகிறார். பொன்னும் நகையும் போல ஒன்றே என்பதும் பொருந்தாது. இருளும் வெளிச்சமும் போல அடியோடு வேறு என்பதும் பொருந்தாது. சொல்லும் பொருளும் போல ஒன்றும் வேறுமாக இருப்பது என்ற சமரசமும் பொருந்தாது. உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், கண்ணொளியும் அறிவும் என்ற இணைகளையே அவர் ஏற்கிறார். இந்தச் சேர்க்கையை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று சைவ சித்தாந்த வகுப்புகளில் இன்றும் பாடம் சொல்கிறார்கள். பாசியைப் பதியின், அதாவது இறைவனின், இடத்தில் வைத்தால் அந்த வகுப்பில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முதலில் வாய்க்கு வந்த உவமையை நம்பாத அந்தப் பிடிவாதம் உயிரியலுக்கும் தேவைப்படுகிறது.

ஏனென்றால், ‘வீட்டுக்காரரும் வாடகைக்காரரும்’ என்ற வழக்கமான உவமை பூச்சிக்குள் எட்டிப் பார்த்தால் நிற்பதில்லை. ஒவ்வொரு பாசியும் பூச்சியின் செல்லுக்குள் ஒரு மெல்லிய பையில் கிடக்கிறது. அந்தப் பைக்குள் பூச்சியே அமிலத்தை இறைக்கிறது. பி.எச். அங்கே ஏறக்குறைய 4 வரை இறங்குவதை 2015-இல் கண்டறிந்தார்கள். கடல்நீரில் கரைந்துள்ள கரியமில வாயுவின் பெரும்பகுதி பைகார்பனேட்டாக இருக்கிறது. அமிலம் அதை மீண்டும் வாயுவாக்கிப் பாசிக்கு ஊட்டுகிறது. பாசி வெயிலில் சர்க்கரை சமைத்துப் பெரும்பங்கைப் பூச்சிக்கே கொடுத்துவிடுகிறது. பூச்சிக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடு வரைகூட இப்படி வருவதுண்டு. அதே பூச்சி, உடம்பின் அடிப்புறத்தில் கூடு கட்டும் இடத்தில் அமிலத்தை வெளியே தள்ளி, அங்குள்ள நீரைக் கடலைவிடக் காரமாக வைத்துக்கொள்கிறது. மேலே அமிலம், கீழே காரம். இரண்டுக்கும் செலவு பாசி சமைத்த சர்க்கரையிலிருந்து.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் விழுங்குகிறது. தொழிற்புரட்சிக்குப் பின் கடல் மேற்பரப்பின் பி.எச். 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. சின்ன எண்தான், ஆனால் இது மடக்கை அளவு. ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன. வெளியே அமிலம் கூடக்கூட, அடியிலிருந்து அதை இறைத்துக் கொட்டும் கூலியும் ஏறுகிறது. கூடுதல் வாயுவால் பாசிக்காவது கொண்டாட்டமா என்றால், பெரிதாக இல்லை. அதற்கு வேண்டியதைப் பூச்சி ஏற்கெனவே ஏற்பாடு செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் அமிலநீரில் வைத்த பவளங்கள் வெளுத்தன. வேறு சில ஆய்வுகளில் வெளுக்கவில்லை. பவள வகையும் வெப்பமும் வெளிச்சமும் மாறினால் முடிவும் மாறுகிறது.

சித்தாந்தம் சொல்லும் சேர்க்கைக்குத் தொடக்கமில்லை, பிரிவும் இல்லை. பவளத்துக்கு இரண்டும் உண்டு. பெரும்பாலான பவளக் குஞ்சுகள் பாசியில்லாமலே பிறந்து, பிறகு கடலிலிருந்து அதைச் சேர்த்துக்கொள்கின்றன. ஆகவே இங்கே ‘உடனாய்’ இருப்பது இயல்பு மட்டுமல்ல, அன்றாடம் கொடுத்து வாங்கி நடத்தும் காரியம். ஒன்றா இரண்டா என்ற கேள்விக்கு விடை, நீரின் நிலைமையைப் பொறுத்து மாறுவது தத்துவவாதிக்குச் சங்கடம்தான்.

ஃபைனின் தொட்டியில் கடித்துத் தின்ன மீன்கள் இல்லை. அதனால் கூடில்லாத பூச்சிகள் பிழைத்தன. திறந்த கடலில் என்ன ஆகும் என்பதைப் பப்புவா நியூ கினியின் மில்ன் விரிகுடா காட்டுகிறது. அங்கே எரிமலை வாயு கடலடியிலிருந்து குமிழ்குமிழாக வருகிறது. கத்தரினா ஃபேப்ரிசியஸ் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பி.எச். 7.8 அளவில் கிளைவிடும் பவளங்கள் அருகி, குண்டு குண்டான போரைட்டீஸ் வகைப் பவளம் மேலோங்கியிருந்தது. மீன் குஞ்சுகளும் இறால்களும் ஒளிய இடுக்குகள் குறைந்திருந்தன. 7.7-க்குக் கீழே பாறை வளர்வதே நின்றிருந்தது. புகை குறையாமல் போனால் இந்த நூற்றாண்டின் முடிவில் உலகக் கடல்களின் மேற்பரப்பு அந்த அளவை நெருங்கும் என்பது ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணிப்பு.