மறைந்திருக்கும் எடை



பிள்ளைக்காகப் பெற்றோர் எவ்வளவு தூரம் செய்யலாம்? எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்? ஒரு சின்ன மரக்காரை வைத்து இதை யோசித்துப் பார்ப்போம்.

1953-ம் வருஷம் அமெரிக்காவில், கலிபோர்னியாவிலுள்ள மன்ஹாட்டன் பீச் என்னும் ஊரில், டான் மர்ஃபி என்ற தகப்பன் சாரணச் சிறுவர்களுக்காக ஒரு போட்டியை ஆரம்பித்தார். பைன் மரக்கட்டையில் செதுக்கிய கையளவு கார். நாலு சக்கரம் உண்டு, என்ஜின் கிடையாது. சரிவுப் பலகையில் தானாக ஓட வேண்டும். பெரியவர் ஒருவரும் பிள்ளையும் சேர்ந்தே செய்ய வேண்டும். எடை 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராமைத் தாண்டக் கூடாது.

இதே போட்டியை எங்கள் போடியிலும் ஒரு கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியில் வைத்தார்கள். என் மகனுக்கு ஒன்பது வயது. மலையிலிருந்து வந்த சில்வர் ஓக் துண்டு ஒன்றை எடுத்தோம். அவன் அறுத்தான், நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். வாள் கொஞ்சம் கோணலாகப் போனது. கை துறுதுறுத்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

நிறுத்துப் பார்த்தால் கார் லேசு. அடியில் குழி தோண்டி, இரும்பு நட்டுகளைப் போட்டு மூடலாம் என்றேன். போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கும் லாரியைப் பாருங்கள். லோடு ஏற்றிய லாரியை நிதானமாய் இறக்குவதுதான் கஷ்டம். காற்று எதிர்த்துத் தள்ளுவதில் கனமான வண்டிக்கு நஷ்டம் குறைவு. அந்த எடையும் பின்பக்கமாக இருந்தால் நல்லது. சரிவில் நிற்கும்போது பின்பக்கம்தான் உயரத்தில் இருக்கும். உயரத்திலிருக்கும் எடை கூடுதலாக இறங்கும். ரொம்பப் பின்னால் வைத்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும்.

அவன் கேட்டான்: "ஏம்ப்பா, உள்ளே ஒளிச்சு வைக்கிறது கள்ளத்தனம் இல்லையா?"

நல்ல கேள்வி! நான் சொன்னேன்: "தராசுல வச்சா தெரிஞ்சிரும்லடா? கண்ணுக்குத் தெரியாட்டியும் தராசுக்குத் தெரியுதுன்னா அது கள்ளம் இல்ல."

ஏலக்காய் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். நாலைந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் காய்ந்தால்தான் ஒரு கிலோ காய்ந்த காய். அரைகுறையாய்க் காய்ந்ததை மூட்டை கட்டினால் எடை கூடும். ஆனால் வாங்குகிறவன் தண்ணீருக்குக் காயின் விலை கொடுக்கிறான். அங்கே தராசே ஏமாற்றப்படுகிறது. நட்டும் உள்ளேதான், ஈரமும் உள்ளேதான். ஒன்று விதிக்கு உட்பட்டது, மற்றது பிறனுடைய பணம். பையில் இரண்டுவிதப் படிக்கல் வைத்திருப்பதைக் கர்த்தர் வெறுக்கிறார் (உபா. 25:13-16).

1973 ஆகஸ்டில், ஒகாயோ மாநிலத்து அக்ரான் நகரில், பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பெரிய வண்டிப் பந்தயத்தில் 14 வயதுப் பையன் ஜெயித்தான். இரண்டு நாளுக்குள் பட்டம் பறிபோனது. வண்டியின் மூக்கிலே மின்காந்தம்! புறப்படும் இடத்து இரும்புத் தகடு சாயும்போது, அந்தக் காந்தம் வண்டியை முன்னே இழுத்திருக்கிறது. இதற்குப் பின்னால் இருந்தவர் அவனுடைய மாமா. அவர் சொன்ன நியாயம், அங்கே விதியை மீறுவது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம் என்பதே.

பிரியமானவர்களே, அவர் அந்தப் பையனை நேசிக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? நேசித்ததினால்தான் செய்தார். நேசம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சாட்சி. கோப்பையைப் பின்னால் வந்தவனுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். தன் கையால் ஜெயிக்கவோ தோற்கவோ அந்தப் பையனுக்கு இருந்த சந்தர்ப்பத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

"மற்ற அப்பாக்கள் செய்து கொடுக்கிறார்களே, என் பிள்ளை தோற்றுப்போகுமே" என்பீர்கள். மெய்தான், தோற்கலாம். என் மகனுடைய கார் இரண்டாம் சுற்றில் தோற்றது. அழுதான். எனக்கும் மனசு வலித்தது. ராத்திரி காரைக் கவிழ்த்துப் போட்டு, "இந்தச் சக்கரம் கட்டையில உரசுதுப்பா" என்று தானே கண்டுபிடித்தான். அந்தக் கண்ணை நான் அவனுக்குச் செய்து கொடுத்திருக்க முடியாது.

பரீட்சையிலும், சர்டிபிகேட்டிலும், வேலைக்குக் கொடுக்கும் கவரிலும் நம் பிள்ளைகளுக்குள் நாம் எதை வைத்து மூடுகிறோம்? தராசில் வைத்தால் நிற்கிற எடையா, தராசுக்குத் தெரியக் கூடாத காந்தமா? நியாயமான நிறைகோலும் தராசும் கர்த்தருடையவை (நீதி. 16:11). கட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாளைப் பிள்ளையிடம் கொடுங்கள். கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பாராக.