பணிவிடையின் எல்லை

மகன் பிழைக்க வேண்டுமென்று தாய் விரதம் இருக்கலாம். தகப்பன் வாங்கிய கடனை மகன் அடைக்கலாம். தம்பி செய்த தவறுக்காக அண்ணன் போய்த் தலைகுனிந்து நின்றுவிட்டு வரலாம். பிறருக்காகக் கஷ்டப்படுவதில் நம் குடும்பங்கள் யாருக்கும் சளைத்தவையல்ல. ஆனால் ஒருவருடைய முழங்காலை அவருக்குப் பதிலாக இன்னொருவர் மடக்கி நீட்ட முடியாது. இந்தச் சின்ன விஷயத்தில் அன்பு செய்வதறியாமல் திகைத்து நின்றுவிடுகிறது.

முழங்கால் மூட்டு மாற்றும் சிகிச்சை இன்று பெரிய இடத்துச் சமாசாரமாக இல்லை. 1890-ல் பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற வைத்தியர் யானைத் தந்தத்தில் மூட்டுச் செய்து பொருத்திப் பார்த்தார். கிருமிகள் அவரைத் தோற்கடித்தன. இன்றைய மூட்டின் முன்னோடி 1970-களின் முற்பாதியில் நியூயார்க்கில் உருவாயிற்று. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத், 2000-லும் 2001-லும் பம்பாயில் பிரதமர் வாஜ்பாயியின் இரு முழங்கால்களையும் மாற்றினார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு மூட்டுகளுக்கு விலை வரம்பு விதித்தது. சராசரியாக 1,58,324 ரூபாய் விலை போட்டிருந்த ஒரு வகை, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. நடுத்தரக் குடும்பங்களும் இப்போது துணிந்து ஆஸ்பத்திரிப் படி ஏறுகின்றன.

ஆனால் டாக்டரின் வேலை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது ஒரு வருஷத்து வேலை. அது நோயாளியின் வேலை. மறுநாளே எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழவும் படி ஏறவும் வேண்டுமானால் முழங்கால் ஏறத்தாழ 90 டிகிரி மடங்கியாக வேண்டும். முதல் சில வாரங்களில் மடக்காமல் விட்டால் உள்ளே தழும்புத் தசை இறுகிக்கொள்ளும். வீக்கமும் சூடும் மாதக்கணக்கில் இருக்கும். தழும்பின் ஓரத்தில் ஒரு மரமரப்பு எப்போதைக்குமே தங்கிவிடலாம்.

திண்டிவனத்து அம்மாள் ஒருவரை எனக்குத் தெரியும். சத்துணவுக் கூடத்தில் முப்பது வருஷம் நின்றே உழைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் விழுப்புரத்தில் ரயில்வே ஜங்ஷனுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். சிகிச்சை முடிந்ததும் மகள் தாயைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். தண்ணீர் கேட்கும் முன்பே தம்ளர் வந்தது. சாப்பாடு கட்டிலுக்கு வந்தது. பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் தினமும் வந்தாள். அவள் காலைப் பிடித்து மடக்கும்போது தாய் அலறுவார். அடுக்களையில் மகள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

“போதும்மா, விட்டுடு. அழறாங்க பாரு!”

“இன்னிக்கு விட்டா, நாளைக்கு இதைவிட ஜாஸ்தியா வலிக்கும்க்கா.”

மகள் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்றாள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், கால் 60 டிகிரியைத் தாண்டி மடங்க மறுத்தது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. இருவரில் இரக்கமுள்ளவள் யார்? வலியை நிறுத்தியவளா, வலியைக் கொடுத்தவளா? மகளின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அவள் நிறுத்தியது தாயின் வலியை மட்டுமல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத தன் வலியையும்தான். நம்முடைய இரக்கத்தில் பாதி இப்படிப்பட்டது. பிறர் துன்பம் நம்மைத் துன்புறுத்துகிறது. நம் துன்பம் தீரும் வழியை அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்று பெயரிட்டு அழைக்கிறோம்.

பிறகு ஒருநாள் அம்மாள் பிடிவாதம் பிடித்துத் திண்டிவனத்துக்கே திரும்பினார். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தூரம், காரில் காலை நீட்டியபடி. அங்கே வேளைக்கு வேளை ஓடிவர ஆளில்லை. அடுப்புக்குப் போக வேண்டும். வாசலில் பால்காரன் கூப்பிட்டால் எழ வேண்டும். பயிற்சி தர வருகிறவளிடம் பரிதாபப்பட்டுப் பேச ஆள் இல்லை. மாதங்கள் ஓடின. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் மூலைக்குப் போயிற்று. வருஷம் திரும்பியபோது அவர் மெதுவாக, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மயிலம் மலையில் முருகனைப் பார்த்துவிட்டு வந்தார். தரையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் கோலம் போடுவதை மட்டும் பக்கத்து வீட்டுச் சிறுமியிடம் விட்டுவிட்டார்.

மகள் மகிழ்ந்தாளா? மகிழ்ந்தாள். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் சிறு முள் இருந்தது. “அம்மாவுக்கு இப்ப நான் வேண்டியதில்லை” என்று அவள் சொன்னதில் பெருமையும் இருந்தது, ஏக்கமும் இருந்தது. அந்த ஏக்கத்தை நான் குறை கூறமாட்டேன். பணிவிடை செய்கிறவர்களுக்கு வரும் கடைசிச் சோதனை அது. நோயாளி நோயிலிருந்து மட்டும் குணமாவதில்லை. நம்முடைய கைகளிலிருந்தும் குணமாகிறார். அதையும் சேர்த்து விரும்ப முடிந்தால்தான் அவர் குணமாவதை நாம் விரும்பினோம் என்று சொல்லலாம்.

இதைப் படித்துவிட்டு, முதியவர்களைத் தனியே விட்டால் தானாக நடந்துவிடுவார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். தனியே விடப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்தால் அத்தனை பாடும் வீண். இன்னொன்றும் உண்டு. மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, எவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தாலும், வலி நீடிக்கிறது. அவர்களிடம் போய், “நீங்கள் சரியாக மடக்கவில்லை, அதனால்தான்” என்று சொல்வது கொடுமை. வலியைத் தாங்கு என்று சொல்லும் உரிமை, அந்த வலியை நம்புகிறவருக்கு மட்டுமே உண்டு. பயிற்சி தந்த பெண்ணுக்கு அந்த உரிமை இருந்தது. அம்மாள் அலறியபோது அவள் ஒருநாளும், “இதெல்லாம் ஒரு வலியா?” என்று கேட்டதில்லை.

விட்டு விலகிப் போவது சுலபம். தூக்கிச் சுமப்பதும் ஒரு வகையில் சுலபந்தான். பெரியவர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழத் தடுமாறும்போது, விழுந்தால் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, அவர் தானே எழும்வரை கையை நீட்டாமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த அரை நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ளக் கற்றவர்களின் வீட்டில்தான் கிழவர்கள் மறுபடி நடக்கிறார்கள்.