எட்டு போடட்டும் அவர்!

"வீட்டம்மாவுக்கு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுத்துக் கொடுத்துட்டேன்" என்று சொல்லும்போது நம் ஆண்களின் முகத்தில் ஒரு பெருமிதம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெண் விடுதலைக்குத் தன் பங்கைச் செலுத்தி ரசீது வாங்கிவிட்ட பெருமிதம். இனி பிள்ளைகளை அவரே பள்ளியில் விட்டு அழைத்து வருவார், காய்கறிக்கு அவரே போவார், மாமியாரை மருத்துவமனைக்கு அவரே கூட்டிப் போவார். இந்தப் பட்டியலில் மனைவியின் சொந்த வேலை என்று ஒன்றுகூட இல்லை. இதுவரை கணவர் முணுமுணுத்துக்கொண்டே செய்த வேலைகள் வண்டிச் சாவியோடு சேர்ந்து கை மாறுகின்றன. அவ்வளவுதான்.

மனைவிக்கு வண்டி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த வண்டியை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எதை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

எந்த ஷோரூமுக்கு வேண்டுமானாலும் போய் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். விலை, மாதத் தவணை, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர், பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி என்ற பேச்செல்லாம் கணவரோடு நடக்கும். கடைசியில் விற்பனையாளர் மனைவி பக்கம் திரும்பி, "மேடம், கலர் எது பாக்குறீங்க?" என்பார். டெஸ்ட் டிரைவுக்குக் கணவர் கிளம்புவார். மனைவி சோபாவில் கைப்பையோடு உட்கார்ந்திருப்பார், இல்லாவிட்டால் பின் சீட்டில் ஏறிக்கொள்வார். நாளைக்கு அந்த வண்டியை ஓட்டப்போகிறவர் அவர். ஏறத்தாழ 110 கிலோ எடையுள்ள வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போடப்போகிறவர் அவர். சிக்னலில் நிற்கும்போது கால் தரையில் முழுதாகப் பதிகிறதா என்று தெரிய வேண்டியது அவருக்கு. அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தவரோ அவரைவிட அரை அடி உயரமான இன்னொருவர்.

இதில் இன்னொரு ரகம் இருக்கிறது. "சார், மேடத்துக்குன்னா இதை எடுங்க. லைசென்ஸ் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேணாம், இன்சூரன்ஸ் வேணாம், ஸ்பீடும் போகாது." மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே ஆகாது. உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் கேட்க மாட்டார்கள். கணவர் உடனே தலையாட்டுகிறார். "பாதுகாப்பா இருக்கும்ல!"

யாருக்குப் பாதுகாப்பு? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பேருந்தும் லாரியும் ஓடும் சாலையில், ஓரமாக இருபத்தைந்தில் ஊர்கிற வண்டி பாதுகாப்பானதா? எல்.எல்.ஆர். போடாமல், சாலைக் குறியீடு எதையும் படிக்காமல், ஒரு தேர்வும் எழுதாமல் ஒருவரைச் சாலையில் இறக்கிவிடுவது பாதுகாப்பா? அந்த வண்டி தருவது தெரு முனை வரைக்குமான சுதந்திரம். மாட்டை முளையில் கட்டி, கயிற்றை மட்டும் கொஞ்சம் நீளமாக விடுவதைப் போன்றது. கயிற்றின் நீளத்தைக் காட்டி அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டிவிடுகிறோம்.

காப்பீட்டுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பதிவு செய்யப்பட்ட வண்டிக்கு பாலிசி எடுக்கும்போது உரிமையாளரே ஓட்டுநராக இருப்பதற்கான தனிநபர் விபத்துக் காப்பு என்று ஒன்று உண்டு. தொகை 15 லட்சம் ரூபாய். பாலிசியின் வாசகம் தெளிவானது: ஓட்டியவரே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள உரிமையாளராக இருக்க வேண்டும், அவரிடம் செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். மனைவி ஓட்டும் வண்டிக்குக் கணவர் பெயரில் ஆர்.சி. எடுத்தால், மனைவிக்கு ஒன்று நேரும்போது அந்தத் தொகைக்கு வழக்கும் வாய்தாவும்தான் மிஞ்சும். லைசென்ஸ் வேண்டாத வண்டி என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. "அவள் பாதுகாப்புக்காகத்தான்" என்கிறவர்கள் செய்து வைக்கும் ஏற்பாடு இது.

பாதுகாப்பு பற்றிய இந்த அக்கறை எவ்வளவு உண்மையானது என்பதைத் தெருவிலேயே பார்க்கலாம். முன்னால் கணவர், தலையில் ஹெல்மெட். பின்னால் மனைவி, வெறுந்தலை. மடியில் குழந்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்துத்தான் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. போலீஸ் பிடிக்கும் தலைக்கு ஹெல்மெட் வாங்கியவர், உடன் வரும் தலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். இறந்தவர்களில் பெரும்பான்மையோர் ஆண்கள். அப்படியிருந்தும் எந்த அம்மாவும் மகனுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வண்டி வாங்கித் தருவதில்லை.

அடுத்தது நல்ல நாள். ராகு காலம் தவிர்த்து, எமகண்டம் தவிர்த்து, மனைவியின் ராசிக்கு ஒத்த நிறம் பார்த்து, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டி வெளியே வருகிறது. பதிவு எண்ணின் கூட்டுத்தொகை எட்டாக வந்துவிடக் கூடாது, சனி பிடிக்குமாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டு போட்டுக் காட்டினால்தான் லைசென்ஸ் கிடைக்கும் என்பதை மட்டும் சனி மறந்துவிட்டது போலும். எண்ணில் எட்டு வந்தால் பதறுகிறவருக்கு, மனைவி எட்டு போடக் கற்றுக்கொள்ளவில்லை என்பதில் பதற்றமே இல்லை.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த இத்தகைய விபத்துகளுக்குப் பிறகு, பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தர விதிகளை மத்திய அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எலுமிச்சம்பழம் வாங்க மறக்காத குடும்பத்தில் எத்தனை பேர் "இந்த பேட்டரி அந்தத் தரத்தில் தேறியதா?" என்று கேட்கிறார்கள்? வண்டியோடு வந்த சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும், எர்த் சரியாக உள்ள பிளக்கில்தான் சொருக வேண்டும், படுக்கையறைப் பக்கமும் வாசற்படியை அடைத்தும் சார்ஜ் போடக் கூடாது. இவற்றைப் பேச பத்து நிமிடம் போதும். பஞ்சாங்கம் பார்க்க அதைவிட அதிக நேரம் ஆகிறது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு ஆப் வருகிறது. வண்டி எங்கே நிற்கிறது, எந்த வழியில் போனது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று எல்லாம் கைப்பேசியில் தெரியும். வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டு, அதைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி வைக்கும் வசதியும் பல மாடல்களில் உண்டு. திருடனைப் பிடிக்க வந்த வசதி. அந்த ஆப் யாருடைய கைப்பேசியில் இருக்கிறது? கணவருடைய பைக் எங்கே நிற்கிறது என்று மனைவியின் கைப்பேசியில் தெரியுமா? தெரிய வேண்டும் என்று அவர் கேட்டால் அன்று இரவு அந்த வீட்டில் சோறு இறங்குமா? முன்பு மாமியாரும் எதிர் வீட்டுத் திண்ணையும் பார்த்த வேலையை இப்போது செயற்கைக்கோள் பார்க்கிறது.

"அவளேதான் நீங்களே பாத்து எடுத்துடுங்கன்னு சொல்றா" என்பார்கள். சொல்வார்தான். திருமணத்துக்கு முன் அப்பா பார்த்து எடுத்தார், பிறகு கணவர் பார்த்து எடுத்தார். முடிவெடுத்துப் பழக்கமே இல்லாதவரிடம் ஒருநாள் திடீரென்று "உன் விருப்பம்" என்று கேட்டுவிட்டு, அவர் தயங்கியதையே சம்மதமாக எழுதிக்கொள்வது நேர்மையாகாது. "பணம் என்னுடையது" என்பவருக்கு ஒரே ஒரு கேள்வி: வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்க்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுத்திருந்தால் அந்தப் பணம் இன்று உங்களிடம் இருந்திருக்குமா?

பெண்களுக்குத் துணிச்சல் இல்லை என்ற வாதம் இந்த மண்ணில் எடுபடாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடி ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். தெருவில் கேலி பேசினார்கள், அவர்கள் இறங்கவில்லை. பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. தனக்கு எது வசதி என்று கண்டுபிடிக்க எந்தக் கணவரும் தேவைப்படவில்லை. 2018இல் தமிழக அரசு உழைக்கும் மகளிருக்கு ஸ்கூட்டர் விலையில் பாதியை, அதிகபட்சம் 25,000 ரூபாயை, மானியமாகக் கொடுத்தபோதும் வண்டியைப் பெண்ணின் பெயரில்தான் பதிவு செய்யச் சொன்னது. அரசுக்குத் தெரிந்தது வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாமா?

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டு ஆனது. ஒரு ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயரை எழுத எந்தச் சட்டமன்றமும் கூட வேண்டியதில்லை.

ஆகவே, மனைவிக்கு வண்டி வாங்க நினைக்கும் நண்பர்களே, முதலில் ஷோரூமுக்குப் போகாதீர்கள். அவர் எல்.எல்.ஆர். போடட்டும். எட்டு போட்டு லைசென்ஸ் எடுக்கட்டும். ஒதுக்கிய பணத்தை அவர் கணக்கில் போடுங்கள். நாலு கடை ஏறி இறங்கி, தானே ஓட்டிப் பார்த்து, தனக்கு ஒத்ததை அவர் எடுக்கட்டும். பெட்ரோல் வண்டிதான் வேண்டும் என்றாலும் சரி. ஆர்.சி. அவர் பெயரில் இருக்கட்டும், ஆப் அவர் கைப்பேசியில் இருக்கட்டும், தரமான ஹெல்மெட் இரண்டு வாங்குங்கள். பிறகு பின் சீட்டில் ஏறி உட்காருங்கள். அவர் எங்கே போக நினைக்கிறாரோ அங்கே ஒருநாள் போய்த்தான் பாருங்களேன்.